படகு கரை சேரும்வரை

ஆண்டின் பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, 18 ஜூலை 2021, அயோத்தியாப்பட்டணம்



நேற்று ஆடி பிறந்தது. பொழுது சாயும் நேரத்தில் நம் தெருக்களில் தேங்காய் சுட்டார்கள். நாரை மழித்து, கண்ணைத் திறந்து தண்ணீரை இறக்கி, வெல்லம், பொட்டுக்கடலை, எள், அவல் எல்லாம் உள்ளே திணித்து, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் காட்டுவது நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற வழக்கம். கோவில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா வேகமாக நடந்து வந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "சாமி, வாசம் தெரியுதுங்க" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் பத்து நாளில் விட்டுவிட்டது. வாசனை மட்டும் திரும்பவே இல்லை. குழம்பு அடிபிடித்தாலும் தெரியாது. பேத்தியின் தலையில் எண்ணெய் வாசம் தெரியாது. இரண்டு மாதமாக இதை வீட்டில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. ஏனம்மா என்று கேட்டேன். "அவங்கவங்க ஆளையே பறிகொடுத்துட்டு நிக்கறாங்க. நான் போயி மூக்கு வேலை செய்யலைன்னு சொன்னா நல்லாவா இருக்குங்க?" என்றார்.

இரவெல்லாம் அந்தப் பேச்சு என்னோடு இருந்தது. இன்றைக்கென்று எழுதி வைத்திருந்த மறையுரையை மடித்து வைத்துவிட்டேன். ஏனென்றால் இந்தக் கோவிலில் இப்போது இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கிற உங்களில் பலரும் அந்த அம்மாவைப் போலத்தான் இருக்கிறீர்கள். அடுத்த வீட்டில் பெரிய துக்கம் இருப்பதால் உங்கள் வலியைச் சொல்ல வெட்கப்படுகிறீர்கள். தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்வதில்லை. காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன் என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொல்கிறீர்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது, தறிச் சத்தம் கேட்டால் தலை வலிக்கிறது. இதெல்லாம் சொல்லத் தகுந்த விஷயமா என்று நினைத்து விழுங்கிவிடுகிறீர்கள். ஆண்டவருக்கு இதெல்லாம் விஷயம்தான். இன்றைய நற்செய்தி முழுக்க அதைப் பற்றியதுதான்.

கொரோனாக் கட்டுப்பாட்டால் ஏப்ரல் 26இல் மூடிய இந்தக் கோவில் கதவு ஜூலை 5இல் திறந்தது. கோவில் திறந்து இது இரண்டாவது ஞாயிறு. பூட்டியிருந்த நாள்களில் மாற்கு நற்செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஜூன் 20ஆம் தேதி புயலில் சிக்கிய படகு. ஜூன் 27ஆம் தேதி, பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப் போக்கினால் அவதிப்பட்ட பெண்ணும் யாயிரின் பன்னிரண்டு வயது மகளும். ஜூலை 4ஆம் தேதி, சொந்த ஊரான நாசரேத்து இயேசுவை ஏற்றுக்கொள்ளாதது. மாதா தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள். கேட்கிற மனநிலையில் இல்லாமலும் இருந்திருப்பீர்கள். போன ஞாயிறு, பன்னிருவரையும் இருவர் இருவராக ஆண்டவர் அனுப்பியதைக் கேட்டோம். இன்று அவர்கள் திரும்பி வருகிறார்கள்.

போன ஞாயிறுக்கும் இந்த ஞாயிறுக்கும் நடுவில் மாற்கு நற்செய்தியில் ஒரு பகுதி இருக்கிறது. அதை நாம் ஞாயிறு வாசகத்தில் படிப்பதில்லை. திருமுழுக்கு யோவானை ஏரோது கொன்றது அங்கேதான் வருகிறது. சீடர்கள் ஊர் ஊராகப் போய் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள் என்று எழுதிவிட்டு, உடனே யோவானின் தலை தட்டில் வந்ததையும், அவருடைய சீடர்கள் உடலை எடுத்துப்போய் அடக்கம் செய்ததையும் மாற்கு எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் பன்னிருவரும் திரும்பி வருகிறார்கள். அப்படியானால் அந்தச் சந்திப்பு வெறும் மகிழ்ச்சியான சந்திப்பு இல்லை. அவர்கள் கால் தேய நடந்து வந்திருக்கிறார்கள். இங்கே வீட்டில் சாவு. யோவான் இயேசுவுக்கு உறவுக்காரர், அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர். மத்தேயு இன்னும் வெளிப்படையாகவே எழுதுகிறார்: அந்தச் செய்தியைக் கேட்டதும் இயேசு படகேறித் தனிமையான இடத்துக்குப் போனார்.

வேலைக் களைப்பும் சாவுத் துக்கமும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று இந்த ஆண்டு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீடர்கள் தாங்கள் செய்தது, கற்பித்தது எல்லாவற்றையும் சொல்கிறார்கள். எத்தனை பேரைக் குணமாக்கினீர்கள், எத்தனை ஊர் மீதி இருக்கிறது என்று ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை. வருகிறவர்களும் போகிறவர்களுமாகக் கூட்டம் நெரிகிறது, சாப்பிடக்கூட இவர்களுக்கு நேரமில்லை என்பதைப் பார்க்கிறார். தனியாக வாருங்கள், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்கிறார். இதைச் சொல்கிறபோது நோயாளிகள் தீர்ந்துபோகவில்லை. வேலை முடிந்த பிறகு கிடைக்கிற ஓய்வு இல்லை இது. வேலை அப்படியே கிடக்கிறது, ஆள்கள் காத்திருக்கிறார்கள். அந்த நடுவில் ஓய்வெடுக்கச் சொல்லுகிறார். எல்லாம் முடியட்டும், அப்புறம் படுக்கலாம் என்று நினைக்கிற நமக்கு இது எவ்வளவு கடினமான கட்டளை!

எனக்கும் கடினமாகத்தான் இருந்தது. சொல்கிறேன். மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள்தான் நம் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் திறந்தார்கள். அந்த வாரங்களில் பகலில் கல்லறைக்குப் போவதும், மளிகைப் பை கட்டி அன்பியத் தம்பிகளிடம் கொடுத்தனுப்புவதும், இரவில் தொலைபேசியில் ஆக்சிமீட்டர் எண்ணைக் கேட்பதுமாக இருந்தேன். 94க்குக் கீழே இறங்கிவிட்டதா, படுக்கை கிடைத்ததா, குப்புறப் படுக்கச் சொன்னீர்களா. ஓர் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. என் கை அதை எடுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அது அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு நடுங்கியது. ஒரு குருவானவன் இப்படி உட்கார்ந்திருக்கலாமா என்று நினைத்து நினைத்து விடியும்வரை தூங்கவில்லை.

மறுநாள் ஒரு மூத்த குருவானவரிடம் சொன்னேன். நிறைய அறிவுரை வரும் என்று காத்திருந்தேன். "நேத்து ராத்திரி சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மதியமும் சாப்பிடவில்லை. "முதல்ல சாப்பிடு. அப்புறம் படு. ரெண்டு நாளைக்கு உன் போனை வேற யார்கிட்டயாவது கொடு. திருப்பலி மட்டும் வை" என்றார். அவர் சொன்னபடி செய்தேன். அந்த இரண்டு நாள் என் அழைப்புகளை எடுத்து, பதில் சொல்லி, எல்லோரையும் பார்த்துக்கொண்ட நம் இளைஞர்களுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். அவர்கள் என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மூத்தவர் சொன்னது அவருடைய சொந்த யோசனை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அது அரசர்கள் முதல் நூலில், 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இறைவாக்கினர் எலியா கார்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவர். வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்தவர். அடுத்த அதிகாரத்திலேயே ஈசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி உயிர் தப்ப ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளை விட்டுவிட்டு, ஒரு நாள் வழி பாலைவனத்தில் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் மன்றாடுகிறார். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

இங்கே கடவுள் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். உனக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்கவில்லை. நேற்று நெருப்பை இறக்கியவன் இன்று சாகக் கேட்கலாமா என்று கடியவில்லை. ஒரு வானதூதரை அனுப்புகிறார். அந்தத் தூதர் கொண்டுவந்தது செய்தி இல்லை, சாப்பாடு. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். எலியா சாப்பிட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். எனக்கு இந்த வரியின்மேல் தனிப் பிரியம். தூதர் அவரை இழுத்து எழுப்பவில்லை. இரண்டாம் முறை தூங்கவிடுகிறார். பிறகு மறுபடி தொட்டு எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், இன்னும் சாப்பிடு என்கிறார். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஒரேபு மலை, மெல்லிய ஒலி எல்லாம். கடவுளின் குரலைக் கேட்பதற்கு முன்னால் எலியாவுக்கு இரண்டு வேளைச் சோறும் இரண்டு தூக்கமும் தேவைப்பட்டன.

யாயிரின் மகள் கதையிலும் இதேதான். இறந்த பெண் எழுந்து நடக்கிறாள், சுற்றி நின்றவர்கள் மலைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தில் இயேசு ஒருவருக்கு மட்டும் நினைவு வருகிறது: பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள்.

நாமும் நல்லவர்கள்தான், ஒருவரை வழியனுப்பும்போது "உடம்பைப் பாத்துக்கங்க" என்கிறோம். பார்த்ததும் "சாப்டாச்சுங்களா?" என்கிறோம். நம் மொழி தானாகவே நற்செய்தி பேசுகிறது. ஆனால் அந்தக் கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை. உன்னை நீ நேசிப்பதுபோல அடுத்தவரை நேசி என்று ஆண்டவர் சொன்னபோது, அளவுகோலாக வைத்தது நம்மைத்தான். அந்தக் கோல் முறிந்து கிடந்தால் எதை வைத்து அளப்பது?

தன்னைப் பேணுவது சுயநலம், சிலுவையை மறுப்பது என்று நினைக்கிறவர்கள் இங்கே உண்டு. உங்களுக்காகப் புனித தாமஸ் அக்குவினாவை அழைக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில், இறையியலின் எல்லாக் கேள்விகளையும் ஒரே நூலில் அடுக்க முயன்ற மேதை. துயரத்துக்கு மருந்து என்ன என்று அந்தப் பெருநூலில் ஒரு முழுக் கேள்வியை ஒதுக்கியிருக்கிறார். மனத்துக்குப் பிடித்த ஒன்றைச் செய்வது, அழுது தீர்ப்பது, நண்பர்கள் கூட இருந்து துக்கத்தைப் பங்கிடுவது, உண்மையைத் தியானிப்பது என்று சொல்லிக்கொண்டே போய், ஐந்தாவதாக அவர் எழுதியது தூக்கமும் குளியலும்! உடம்பு தன் இயல்பான நிலைக்குத் திரும்பினால் மனத்துயரம் தணியும் என்பது அவருடைய வாதம். நம் வீட்டுப் பாட்டிகள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றியபோது அவர்களும் அந்த இறையியலைத்தான் செய்தார்கள்.

இன்றைய பதிலுரைப் பாடல் 23ஆம் திருப்பாடல். ஆயர் தம் ஆட்டைப் பசும்புல்லில் இளைப்பாறச் செய்கிறார், அமைதியான நீர்நிலைக்கு நடத்துகிறார். நம்மில் மேச்சேரி ஆடு வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வயிறு நிறைந்து, நாய் பயம் இல்லாமல் இருந்தால்தான் ஆடு காலை மடித்துப் படுத்து அசைபோடும். தூரத்தில் ஒரு நாய் குரைத்தாலும் எழுந்து நின்றுவிடும். மே மாதம் முழுக்க நம் ஊர் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. சென்னை போகிற பெருஞ்சாலை நம் ஊர் நடுவே போகிறது. இரவெல்லாம் 108 வண்டியின் சத்தம். அது அடங்கினால் கையில் இருக்கிற கைப்பேசி. இன்று எத்தனை பேர், எந்த ஊரில், எந்த மருத்துவமனை வாசலில். வாட்ஸ்அப்பில் மரணச் செய்தி, அதற்குக் கீழே யாரோ அனுப்பிய பொய் மருந்து, அதற்குக் கீழே மூன்றாம் அலை. உடம்பு ஆபத்து வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசை இறுகுகிறது, வயிறு செரிக்க மறுக்கிறது. ஓடுவதற்குத் தயாராகிற உடம்பு அது. ஒரு நாள் இருந்தால் அது நம்மைக் காப்பாற்றும். பதினாறு மாதம் அப்படியே இருந்தால் நம்மைத் தின்றுவிடும்.

அந்த நாயை விரட்டுவது நம் கையில் இல்லை என்று நினைக்காதீர்கள். பாதி நம் கையில்தான் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் செய்தி வேண்டாம். கைப்பேசியைப் படுக்கிற அறைக்கு வெளியே வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பதால் அழைப்பு வரும் என்றால் மணியோசையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைத்துவிடுங்கள். காலையில் கண் விழித்ததும் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் சூரியனைப் பாருங்கள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது ஜெபமாலை சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் சும்மா நடங்கள். தடுப்பூசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். பயத்தைக் குறைக்கிற வழிகளில் அதுவும் ஒன்று. ஜூன் 21 முதல் பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் அது இலவசம்.

நடுவழியில் ஓய்வெடுப்பதற்கு, அயோத்தியாப்பட்டணம் என்ற நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து திரும்பிய இராமர் அயோத்திக்குப் போகிற வழியில் இங்கே தங்கினார் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லுவார்கள். கோதண்டராமர் கோயில் அந்த நம்பிக்கையில் எழுந்தது. நம் இந்துச் சகோதரர்களின் அந்த நம்பிக்கையை மரியாதையோடு நினைக்கிறேன். போய்ச் சேர வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருக்கும்போது நடுவழியில் தங்கியதே ஓர் ஊருக்குப் பெயராக நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நாம்.

இப்போது சிலரிடம் தனித்தனியாகப் பேச வேண்டும்.

அம்மாக்களே. இந்த ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், அதனால் உங்களுக்கு வேலை இரண்டு பங்கானது. குடும்பத்தில் நான்கு பேர் படுத்திருந்தபோது ஐந்தாவதாகப் படுக்க வேண்டிய நீங்கள் எழுந்து கஞ்சி வைத்தீர்கள். கபசுரக் குடிநீர் காய்ச்சினீர்கள். கொலுசுப் பட்டறை மூடியிருந்தபோதும் குழுக் கடனின் வாரத் தவணைக்குப் பதில் சொன்னது நீங்கள்தான். உங்கள் வீட்டு ஆண்களுக்கு இங்கே வைத்துச் சொல்கிறேன்: இன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள், அவர்கள் படுக்கட்டும். இன்று மட்டும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும்.

ஆண்களே, உங்களிடம் இதையும் சொல்ல வேண்டும். கோவில் கதவு திறந்த அதே ஜூலை 5ஆம் தேதி நம் மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகளும் திறந்தன. உங்களில் சிலர் வேலை இல்லாத பயத்தை, லாரி ஓடாத கவலையை, ஆழ்துளைக் கிணறு வண்டியோடு வடநாட்டில் மாட்டிக்கொண்ட நாள்களின் நினைவை அங்கே கொண்டுபோய் இறக்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குடித்தால் உடம்பு அசந்து விழும். அது தூக்கம் இல்லை. மறுநாள் பயம் இன்னும் பெரிதாகி வாசலில் நிற்கும், நடுவில் வீட்டில் ஒருவர் அடி வாங்கியிருப்பார். என்னிடம் வாருங்கள். திட்ட மாட்டேன். மாலையில் கோவில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம்.

பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோரே, நாளைக்கு மதிப்பெண் வருகிறது. தேர்வே எழுதாமல் பத்தாம் வகுப்பிலிருந்து பாதி, பதினொன்றிலிருந்து 20 சதவீதம், இந்த ஆண்டின் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் மீதி என்று கணக்கிட்டுக் கொடுக்கப் போகிறார்கள். ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்த வீடுகள் நம் பங்கில் இருக்கின்றன. எண் எதுவாக இருந்தாலும் நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான்.

எலியாவைப் போல, போதும் என்று நினைப்பவர்கள் இங்கே இருக்கலாம். அந்த நினைப்பு வந்ததற்காக வெட்கப்படாதீர்கள். இறைவாக்கினருக்கே வந்தது. ஆனால் அதோடு தனியாக இருக்காதீர்கள். எலியா தம் பணியாளை விட்டுவிட்டுத் தனியாகப் போனதுதான் அவருக்கு ஆபத்தாக இருந்தது. இப்போதே, திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். என்னிடம் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 104 என்ற எண்ணில் அரசின் ஆலோசகர்கள் பேசுகிறார்கள். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கென்றே இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044 - 2464 0050. மனநல மருத்துவரைப் பார்ப்பதும், அவர் தரும் மாத்திரையைச் சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் நற்கருணை வாங்குகிறார்களே!

அடுத்த மாதம் 16ஆம் தேதி புனித ரோக்கின் திருவிழா. கொள்ளைநோய்க் காலத்தில் திருச்சபை கூவி அழைக்கிற புனிதர். நோயாளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டவர், ஒரு நாள் தாமே நோய்ப்பட்டார். யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே ஒரு நாய் தினமும் அவருக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது என்பது மரபு. அவருடைய சுரூபத்தில் பார்த்திருப்பீர்கள்: தொடையில் புண், காலடியில் வாயில் ரொட்டியோடு நாய். எத்தனையோ பேருக்குச் சோறூட்டிய கை அன்றைக்கு ஒரு நாயின் வாயிலிருந்து வாங்கிக்கொண்டது. நம் பங்கிலிருந்து அரசு மருத்துவமனைக்குப் போகிற செவிலியர்களே, வீட்டுக்கு வீடு காய்ச்சல் கணக்கெடுத்தவர்களே, தெரு கூட்டுகிற சகோதரர்களே, கொடுக்க மட்டுமே தெரிந்த உங்களுக்கு வாங்கிக்கொள்ளுகிற தாழ்ச்சியை அந்தப் புனிதர் பெற்றுத்தரட்டும்.

இனி படகுக்கு வருகிறேன். ஆண்டவர் ஓய்வெடுக்க வாருங்கள் என்றார், படகேறினார்கள். ஆனால் நடந்தது என்ன? மக்கள் பார்த்துவிட்டார்கள். எல்லா ஊர்களிலிருந்தும் கால்நடையாக ஓடி, படகுக்கு முன்னாலேயே அக்கரையில் போய் நின்றுவிட்டார்கள். தனிமையான இடம் கிடைக்கவே இல்லை. முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது சீடர்களுக்காக வருத்தப்படுவேன். ஆண்டவர் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லையே என்று தோன்றும். இந்த முறை படித்தபோதுதான் நடுவில் இருந்த படகு கண்ணில் பட்டது. அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு அதுதான். கரைக்கும் கரைக்கும் நடுவே, ஆள்கள் ஓடி முந்துகிற அளவுக்குச் சிறிய பயணம்.

1986இல் கலிலேயக் கடலில் தண்ணீர் வற்றியபோது சேற்றிலிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகை எடுத்தார்கள். இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது. நீளம் ஏறக்குறைய 27 அடி, அகலம் ஏழரை அடி. அப்படியொரு படகில் பதின்மூன்று பேர் என்றால் காலை நீட்டக்கூட இடம் இருந்திருக்காது. ஆனாலும் அங்கே யாரும் வந்து அவர்களைத் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை. துடுப்புச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருக்கலாம். யோவானைப் பற்றி யாராவது பேசியிருக்கலாம், அழுதிருக்கலாம். பையில் இருந்ததைப் பங்கிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ஆண்டவர் அவர்களோடு இருந்தார். ஜூன் 20 நற்செய்தியில் தலையணையில் தலை வைத்துத் தூங்கினாரே, அதேபோல இன்றும் கண்ணயர்ந்திருக்கலாம்.

ஒரு வாரம் ஏற்காட்டில் போய்த் தங்க நம்மில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? தறி ஓட்டுகிறவருக்கு, சேகோ ஆலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அதனால் ஓய்வு நமக்கில்லை என்று எழுதி மூடிவிடாதீர்கள். படகு கரை சேரும்வரை கிடைக்கிற நேரம் உங்களுக்கும் உண்டு. சோறு கொதிக்கிற பதினைந்து நிமிடம். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற பாதை. பிள்ளைகள் தூங்கிய பிறகு வாசல் படியில் உட்கார்கிற நேரம். அதைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டவரே, நான் களைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கரை வந்தது, கூட்டம் நின்றது. ஆயர் இல்லா ஆடுகள்போல அவர்களைப் பார்த்து ஆண்டவர் இரங்கினார். இவ்வளவு களைப்பில், சொந்தத் துக்கத்தில் இருந்தவருக்கு எரிச்சல் வராமல் இரக்கம் வந்தது. அந்தச் சிறிய படகுப் பயணம் இல்லாமல் போயிருந்தால் சீடர்கள் அன்று மாலை அந்தக் கூட்டத்துக்கு அப்பங்களைப் பரிமாறியிருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தனை பேரையும் சாப்பிட வைத்து அனுப்பிய பிறகு, சீடர்களையும் படகில் ஏற்றிவிட்டு, இருட்டில் இயேசு தனியாக மலைமேல் ஏறி மன்றாடப் போனார். காலையில் தேடிய தனிமை அவருக்கு இரவில்தான் கிடைத்தது. யோவானுக்காக அங்கே அழுதிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

நம் அழுகையும் பாக்கி இருக்கிறது. அடக்கத்துக்கு இருபது பேர்தான் போக முடிந்தது. சில வீடுகளில் அதுவும் முடியவில்லை. துணியில் சுற்றி வந்த உடலின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மண் போட்டோம். வீட்டில் கூடி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கவில்லை, முப்பதாம் நாள் திருப்பலிக்கு உறவுகள் வரவில்லை. கட்டிப்பிடித்து அழக்கூட முடியாமல் மூன்றடி தள்ளி நின்றோம். அந்தத் துக்கம் எங்கேயும் போய்விடவில்லை. அதுதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது, பகலில் பிள்ளைகள் மேல் கோபமாக வருகிறது.

பலிபீடத்தின் ஓரத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. கோவில் பூட்டியிருந்த நாள்களில் நம் பங்கில் இறந்தவர்களின் பெயர்களை அதில் எழுதியிருக்கிறோம். கொரோனாவில் போனவர்கள், வேறு நோயில் போனவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். விடுபட்ட பெயர் இருந்தால், வெளியூரில் இறந்த உறவாக இருந்தாலும், அவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், இப்போது வந்து எழுதுங்கள். காத்திருக்கிறேன். விசுவாச அறிக்கை முடிந்ததும் மன்றாட்டு நேரத்தில் ஒவ்வொரு பெயராக நிதானமாக வாசிப்போம். இன்று அவசரமில்லை. உங்கள் வீட்டுப் பெயர் வரும்போது எழுந்து நிற்க விரும்புகிறவர்கள் நில்லுங்கள். முடியாதவர்கள் அப்படியே உட்கார்ந்திருங்கள்.